கண்ணாடி வேர்த்து அடங்கும்வரை

போன மாதம் உங்கள் ஆய்வுக்கூடத்தைச் சுற்றிக் காட்டினீர்கள், தம்பிகளே. குளிர்பெட்டிக்கு மேலே ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. எடுத்த உடனே புட்டியைத் திறக்காதே, அறைச் சூட்டுக்கு வரட்டும் என்று அச்சடித்திருந்தது. அதற்குக் கீழே யாரோ பென்சிலால், "அதுவரை டீ குடிக்கலாம்" என்று எழுதியிருந்தார்கள். எழுதியது யார் என்று நான் கேட்கவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் மனசு அங்கேயேதான் கிடந்தது. டீ குடிக்கப் போகிறவர் புட்டியை மேசையின் நடுவில் வைத்துவிட்டுப் போவாரா, ஓரத்தில் வைத்துவிட்டுப் போவாரா?

நான் அப்படிப்பட்ட ஆள். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. உருப்படியாகத் தெரிந்த வித்தை பயப்படுவது ஒன்றுதான். அதற்கும் சம்பளம் கொடுக்கிற வேலை ஒன்று அறுபதுகளில் குற்றாலத்தில் கிடைத்தது. உங்கள் சுவரில் இருக்கிற அந்தச் சீட்டை நீங்கள் ஒரு வரியாகப் படிக்கிறீர்கள். எனக்கு அதற்குள்ளே ஒரு பண்ணையார், அவருடைய சம்பந்தி, ஒரு டிரைவர் எல்லாரும் ஈரத் தலையோடு நிற்கிறார்கள். அவர்களைப் பற்றிச் சொல்லிவிட்டால் எனக்கும் பாரம் குறையும்.

பண்ணையாருக்கு வடகரையில் வயலும் தென்னந்தோப்பும். குற்றாலத்தில் சீசனுக்கு வந்து தங்க ஒரு பங்களா. அந்தக் காலத்தில் பங்களா வைத்திருந்த பெரிய மனிதர்கள் நிறையப் பேர். இவர் அவர்களை ஒரு படி தாண்ட நினைத்து, பங்களாவின் பின்பாதியை ஆராய்ச்சிக்குக் கொடுத்தார். "குளுகுளுன்னு இருக்குத ஊரு, மருந்து கெடாது" என்பது அவர் கணக்கு. குளிர்ச்சியைப் பற்றி அவர் சொன்னது சரி. அந்தக் குளிர்ச்சி எதனால் வருகிறது என்பதை மட்டும் யாரும் யோசிக்கவில்லை. ஊர் உலகமெல்லாம் தண்ணீரைத் தேடிக் குற்றாலத்துக்கு வரும். தண்ணீரே ஆகாத ஒரு சரக்கை வைத்துக்கொண்டு நாங்களும் அங்கேயே போய் உட்கார்ந்தோம்.

ஆராய்ச்சி செய்ய மதராஸிலிருந்து ஓர் அம்மா வந்தாள். என்னைவிடச் சின்னவள். டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவோம். வைத்தியம் பார்க்கிற டாக்டர் இல்லை, ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கின டாக்டர். பண்ணையாருக்கு இந்த வித்தியாசம் கடைசிவரை பிடிபடவில்லை. அவளைப் பார்க்கும்போதெல்லாம் நாடி பார்க்கச் சொல்லிக் கையை நீட்டுவார். அவளும் பொறுமையாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "நல்லா ஓடுது" என்று சொல்லி அனுப்புவாள். பங்களா அவருடையது, குளிர்பெட்டிக்கு ஊற்றுகிற மண்ணெண்ணெயும் அவருடையது. நாடி நன்றாக ஓடாமல் எப்படி இருக்கும்?

அந்தக் குளிர்பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. அடியில் விளக்கு எரியும், மேலே பனிக்கட்டி உறையும். விளக்கைப் பார்த்துக்கொள்வது என் வேலை. தீயை மூட்டிக் குளிர வைக்கிற சங்கதியை டாக்டரம்மா படம் போட்டு விளக்கினாள். நான் தலையை ஆட்டினேன். தலையை ஆட்டினேனே தவிர, உள்ளே இருப்பது வெந்துவிடுமோ என்ற பயம் எனக்குக் கடைசிவரை போகவில்லை.

உள்ளே இருந்தது பொடி. ஆட்டு மூளைக்கு அடியில் பட்டாணி அளவுக்கு ஒரு சுரப்பி தொங்கும். அதன் பின்பாதியிலிருந்து எடுக்கிற சத்து, பிள்ளை பெற்ற பெண்ணின் கர்ப்பப்பையை இறுக்கி ரத்தப்போக்கை நிறுத்தும். இப்போது நீங்கள் அதைப் பெப்டைடு என்கிறீர்கள், ஒன்பது மணி கோத்த மாலை மாதிரி படம் போடுகிறீர்கள். எங்களுக்கு அது வெறும் பொடி. கடலை மாவுக்கும் அதற்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. வீரியம் எவ்வளவு என்று தெரிந்துகொள்ள ஒரே வழிதான் இருந்தது. வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் ஒரு தசைத் துண்டை உயிரோடு தொங்கவிட்டு, அதில் எங்கள் பொடியைக் கரைத்து ஒரு சொட்டு, அளவுப் பொடியைக் கரைத்து ஒரு சொட்டு என்று மாற்றி மாற்றி விடுவோம். தசை சுருங்கும்போது, புகைக்கரி படிய வைத்த கறுப்புக் காகிதத்தில் ஒரு முள் வெள்ளைக் கோடு இழுக்கும். எது எவ்வளவு உயரம் இழுக்கிறது என்பதுதான் பேச்சு.

அளவுப் பொடி என்றால் கடைக்காரனுடைய எடைக்கல் மாதிரி. சீமையிலிருந்து மதராஸ் வழியாக, கண்ணாடிக் குப்பிக்குள் உருக்கி மூடி வந்தது. ஒரு குப்பியை உடைத்துச் சின்னப் புட்டியில் போட்டு அன்றாடம் எடுத்துக்கொண்டிருந்தோம். உடைக்காத குப்பி இன்னும் ஒன்றே ஒன்று இருந்தது. அது போனால் அடுத்தது வருவதற்கு இறக்குமதி அனுமதி, கப்பல், மதராஸ் அலுவலகம் எல்லாவற்றையும் தாண்ட வேண்டும்.

சாரல் தொடங்கினால் பண்ணையார் வீட்டில் விருந்தாளிகள் தொடங்குவார்கள். எண்ணெய் தேய்த்து, பெரிய அருவியில் நின்று, வயிற்றில் தீ எரிய வருவார்கள். இலை போடுவதற்கு முன்னால், "லேபப் பாத்துட்டு வந்துருவோம்" என்று பண்ணையார் பின்பக்கம் அழைத்து வருவார். வந்தவர்களுக்குக் காட்ட எங்களிடம் என்ன இருந்தது? ஒரு தொட்டி, ஒரு கறுப்புக் காகிதம், பயந்த முகத்தோடு நான். அதனால் அளவுப் பொடிப் புட்டியை எடுத்துக் காட்டுவதே வழக்கமாகிவிட்டது. தங்கத்தைவிட விலை கூடினது என்று சொல்லுவார். திறந்து காட்டுவார். மூடியோடு காட்டினால் போதாதா என்று டாக்டரம்மா ஒரு தடவை நயமாகக் கேட்டுப் பார்த்தாள்.

"மூடியோட காட்டுததுக்கு எதுக்கு அவியள வரச் சொல்லணும்? பூட்டின கோயில்ல சாமி கும்புடச் சொல்லுத மாதிரில்லா இருக்கு" என்றார் பண்ணையார்.

அதோடு விட்டுவிட்டாள். சட்டென்று திறந்து மூடுவதில் என்ன வந்துவிடப் போகிறது என்று அவளும் நினைத்தாள். நான் நினைக்கவில்லை, எனக்கு வேறு பயம் இருந்தது. பண்பொழியிலிருந்து வரும் மாமா ஒருவர் மூக்குப்பொடி போடுகிறவர். புட்டியை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, காரம் பற்றாது என்று சொன்னார். அன்றிலிருந்து எந்த விருந்தாளி குனிந்தாலும் அவர் விரலையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு சிட்டிகை எடுத்து மூக்கில் இழுத்துவிட்டால் என்ன செய்வது? சீசன் முழுக்க விரலைக் காவல் காத்தேன். அவர்களுடைய தலைமுடியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்ததைப் பார்க்கவே இல்லை. பயப்படுகிறவனுக்கு ஒரு சங்கடம் உண்டு, தம்பிகளே. நாம் ஒரு பக்கம் கண்ணை நட்டுவிட்டால் மறுபக்கத்தையும் பார்த்துவிட்டோம் என்று நம்பிவிடுகிறோம்.

பண்ணையாருடைய கார் டிரைவர் என்னைவிட மூத்தவர், அண்ணாச்சி என்பேன். என்னை அவர் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, விசாரம் என்றுதான் கூப்பிடுவார். "ஏலே விசாரம், இன்னைக்கு எதுக்குப் பயப்படுத? சொன்னேன்னா நானும் ஒரு கை குடுப்பேன்லா" என்பதுதான் அவருடைய காலை வணக்கம்.

அன்றைக்கு அவர் அப்படிக் கேட்கவில்லை. விடிந்ததும் அவர் மனைவிக்கு வலி எடுத்து, தென்காசியில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் கொண்டு சேர்த்திருந்தார். முந்தின பிரசவத்தில் அந்த அக்காவுக்கு ரத்தம் நிற்காமல் போய்ப் பிழைத்ததே பெரிய பாடு. கூடவே ரத்தக்கொதிப்பும் உண்டு. ஆஸ்பத்திரி லேடி டாக்டரிடம் கம்பெனி மருந்து தீர்ந்திருந்தது. எங்கள் பொடியை அவர் முன்பே பயன்படுத்திப் பார்த்தவர். புதிதாக எடுத்த பொடியின் வீரியத்தை எழுதி ஒட்டி உடனே அனுப்பச் சொல்லியிருந்தார். டிரைவர் அண்ணாச்சி ஐஸ் போட்ட பிளாஸ்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

"இன்னைக்கு உன் சோலிய நான் பாக்கேன்லே விசாரம்" என்றார். சிரிக்கத்தான் சொன்னார். இரண்டு பேருக்குமே சிரிப்பு வரவில்லை.

காலையிலிருந்து சோதனை ஓடிக்கொண்டிருந்தது. புதுப் பொடி இழுத்த கோடு, அளவுப் பொடி இழுத்த கோட்டைவிட இரண்டு மடங்கு உயரம். டாக்டரம்மா மறுபடி செய்தாள், மறுபடியும் அதே உயரம். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். ஆட்டுத் தலைகளோடு அவள் பட்ட பாடு எனக்குத் தெரியும், பால் ஊற்ற வருகிற பாட்டியே நாற்றம் பொறுக்காமல் தனக்குப் பதில் வேறு ஆளை அனுப்பிவிட்டாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு மடங்கு வீரியம் என்றால் மதராஸில் அவளை நிமிர்ந்து பார்ப்பார்கள். எனக்கோ சந்தேகம். முள் வளைந்திருக்குமோ, நான் காகிதத்தில் புகையைச் சரியாகப் பிடிக்கவில்லையோ என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். எல்லாம் சரியாக இருந்தது. நல்லது நடந்தாலும் உங்களுக்கு ஆகாதா என்று சிரித்தாள். சரிதான், எனக்கு ஆகாது.

லேபிள் எழுதப் பேனாவை எடுத்தபோது பண்ணையார் உள்ளே வந்தார். செய்தி அவர் காதுக்குப் போயிருந்தது. கூடவே செங்கோட்டைச் சம்பந்தி. மகளைக் கொடுத்த இடம். அருவியிலிருந்து நேரே வருகிறார், தோளில் ஈரத் துண்டு, காதோரம் தண்ணீர் வழிகிறது. அவருக்குக் காட்டாமல் வேறு யாருக்குக் காட்டுவது? சீமைப் பொடியையே தோற்கடித்துவிட்டோம் என்று சொல்லிக்கொண்டே பண்ணையார் தன் கையாலேயே குளிர்பெட்டியைத் திறந்து, புட்டியை எடுத்து, மூடியைத் திருகி சம்பந்தியின் முகத்துக்கு நேரே நீட்டினார். சம்பந்தி குனிந்தார். நான் வழக்கம்போல அவர் விரலைப் பார்த்தேன்.

டாக்டரம்மா புட்டியைப் பார்த்தாள்.

கண்ணாடி வேர்த்துக்கொண்டிருந்தது. வெளியே மட்டுமில்லை, உள்ளே கழுத்துப் பக்கமும் ஆவி படிந்தது. எத்தனையோ தடவை எங்கள் எல்லார் கண்ணுக்கு முன்னாலும் நடந்ததுதான். புட்டியைக் கேட்டு வாங்கி, மூடி, தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டினாள். பொடி விழவில்லை. ஆடி மாசத்து உப்பு மாதிரி அடியில் அப்பிக்கொண்டிருந்தது.

பேனாவை மூடி வைத்தாள்.

"நம்ம பொடி ரெண்டு மடங்கு ஆகலை. அளவுப் பொடிதான் ஈரம் பட்டுப் பாதியாயிடுச்சு" என்றாள்.

பண்ணையாருக்குப் புரிய வேண்டியது மட்டும் சரியாகப் புரிந்துவிட்டது. "அப்போ என் விருந்தாளியதான் கெடுத்துட்டாகன்னு சொல்லுதிய. அதும் சம்பந்திய வச்சிக்கிட்டே சொல்லுதிய" என்றார். குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. பங்களா அவருடையது.

டாக்டரம்மா அவரிடம் வாதாடவில்லை. லேபிளில் இரண்டு மடங்கு என்று எழுதினால் லேடி டாக்டர் பாதி மருந்துதான் போடுவார், ரத்தம் நிற்காது என்று மட்டும் சொன்னாள். அப்படியானால் ஒரு மடங்கு என்று எழுதிக் கொடுத்துவிடுங்களேன் என்றார் பண்ணையார். அதுவும் தெரியாது, ஊகம்தான் என்றாள். ஒருவேளை நிஜமாகவே வீரியம் கூடியிருந்தால் டிரைவர் மனைவிக்கு இருக்கிற கொதிப்பு இன்னும் ஏறிவிடும்.

இந்த இடத்தைக் கவனியுங்கள். இரண்டு பக்கமும் ஆபத்து, வாசலில் கார், கையில் பொருள். எதையாவது எழுதி அனுப்பிவிட்டால் குறைந்தபட்சம் நாம் ஏதோ செய்துவிட்டோம் என்று இருக்கும். எனக்கு அந்த ஆசை வந்தது. அவளுக்கும் வந்திருக்கும். அவள் கடைசிக் குப்பியை எடுக்கச் சொன்னாள்.

நான் எடுத்தேன். உடைக்கப் போனபோது கையைப் பிடித்தாள். "வேர்த்து அடங்கட்டும்."

சில்லென்ற குப்பி, ஈரக் காற்று. இப்போது உடைத்தால் இதுவும் உப்புப் பானைதான். ஆனால் காத்திருக்கக் காத்திருக்க, தொட்டியில் காலையிலிருந்து தொங்குகிற தசையும் களைத்துக்கொண்டே போகும். அது செத்தால் வேறு தசை தயார் செய்ய மறுநாள் ஆகும். டிரைவர் அண்ணாச்சி வாசல்படி தாண்டி உள்ளே வந்துவிட்டார். "ஏலே, எதுக்குலே பாத்துக்கிட்டு நிக்க? அங்கன அவ கெடந்து துடிக்கா. உடைலே."

உள்ளங்கையில் பொத்திச் சூடு காட்டினால் சீக்கிரம் ஆகுமே என்று குப்பியை மூடிப் பிடித்தேன். "உங்க கையே வேர்க்குது. கீழ வைங்க" என்றாள். வைத்தேன்.

முதலில் அசைந்தவர் சம்பந்தி. ஈரத் துண்டைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "உப்புப் பானைல ஈரக் கைய விட்டா எங்க வீட்டுப் பொம்பளையளே வைவாக. வாங்க மச்சான், வெளிய நிப்போம்" என்று பண்ணையாரின் தோளைத் தொட்டார்.

சம்பந்தி தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை என்று தெரிந்ததும் பண்ணையார் வேறு மனிதராகிவிட்டார். அவருக்குத் தெரிந்தது உபசாரம், அதை ஈரத்துக்கு எதிராகத் திருப்பிவிட்டார். ஜன்னலையெல்லாம் அடைக்கச் சொன்னார். சமையல்கட்டிலிருந்து இரும்புச் சட்டியில் தணல் வந்தது. தானே வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, உள்ளே வருகிறவர் போகிறவர் காலைத் துடைக்க வைத்தார். டாக்டரம்மாவையும் ஒரு தடவை துடைக்க வைத்தார்.

அதற்குப் பிறகு யாருக்கும் வேலை இல்லை. மூன்று பேர் மேசையைச் சுற்றி நின்று ஒரு விரல் நீளக் குப்பி வேர்ப்பதைப் பார்த்தோம். நான் செய்த வேலைகளிலேயே கஷ்டமான வேலை அது. கையைக் கட்டிக்கொண்டு நிற்பதை வேலை என்று யாரிடம் சொல்வது? டிரைவர் அண்ணாச்சி பிளாஸ்க் மூடியைத் திறந்து திறந்து மூடினார். துளிகள் சின்னதாகி, புகையாகி, ஓரமாக ஒதுங்கி, கண்ணாடி தெளிந்தது. டாக்டரம்மா அப்புறமும் கொஞ்சம் பொறுத்தாள். அந்தக் கொஞ்சத்தில் எனக்கு உயிர் போய் வந்தது.

உடைத்தாள். பொடி மணல் மாதிரி சரிந்து விழுந்தது. கரைத்து விட்டோம். களைத்த தசை கடைசியாக நல்ல பிள்ளையாகச் சுருங்கிக் கோடு இழுத்தது. எங்கள் பொடியின் கோடு அதற்குச் சற்றுக் கீழே நின்றது. மாற்றி மாற்றி விட்டுப் பார்த்தாள். சற்றுக் கீழேதான்.

மதராஸில் யாரும் நிமிர்ந்து பார்க்கப் போவதில்லை. அவள் முகத்தில் ஒன்றும் காட்டாமல், அளவைவிடக் கொஞ்சம் குறைவு என்று கணக்குப் போட்டு லேபிள் எழுதி ஒட்டினாள். டிரைவர் அண்ணாச்சி அதை எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு அப்படியே நின்றார்.

"கொறவுன்னா போட்டிருக்கு? காலைல ரெண்டு மடங்குன்னு சொன்னியளே. அதையே குடுங்கம்மா, எனக்காண்டி."

"ரெண்டும் ஒரே புட்டிதான் அண்ணாச்சி. காலையில நாங்க சொன்னதுதான் வேற. போங்க, சீக்கிரம்."

போனார். பிள்ளை பிறந்தது, பெண். பயந்தபடியே ரத்தம் போக ஆரம்பித்தது. லேடி டாக்டர் லேபிளைப் பார்த்துக் கணக்குப் போட்டு முழு அளவும், அதற்கு மேல் கொஞ்சமும் போட்டார். நின்றது. டிரைவர் அண்ணாச்சி தென்காசிக் கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டு வந்து, எப்படியோ குறைந்த மருந்திலேயே தாயும் பிள்ளையும் பிழைத்துவிட்டார்கள், எல்லாம் விசுவநாதர் செயல் என்றார்.

புதுக் குப்பி வர வெகுகாலமானது. உடைத்த குப்பி தீர்ந்ததும் எடைக்கல் இல்லாத கடையாக நாங்கள் சும்மா இருந்தோம். அதற்குள் டாக்டரம்மாவுக்கு மதராஸில் வேறு இடம் அமைந்துவிட்டது. போகிற அன்று பண்ணையார் கையை நீட்டினார். நாடி பார்த்து, நல்லா ஓடுது என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

ஈரம் பட்ட பழைய புட்டியைக் கொட்டிவிடலாம் என்று கேட்டேன். சம்பந்தி பார்த்த புட்டி, அது இருக்கட்டும் என்றார் பண்ணையார். அடுத்து வருகிறவர்கள் அதை நல்ல பொடி என்று நினைத்து அளந்துவிட்டால்? அந்தப் பயத்தில் தென்காசியில் ஒரு சிவப்புக் கயிறு வாங்கி அதன் கழுத்தில் இறுகக் கட்டினேன். தொடாதே என்று அர்த்தம். எனக்கு அப்படித்தான் பட்டது.

அடுத்த சாரலில் விருந்தாளிகள் வந்தார்கள். ஓர் உயிரைக் காப்பாற்றின பொடி என்று பண்ணையார் அந்தப் புட்டியை எடுத்துத் திறந்து காட்டினார். கயிற்றைப் பார்த்ததும் அவர்கள் செருப்பைக் கழற்றினார்கள். சிலர் புட்டியை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். பண்பொழி மாமா இந்தத் தடவை முகரவில்லை. வீட்டில் மருமகள் மாசமாக இருப்பதாகச் சொல்லி, கயிற்றில் ஒரு துண்டு அறுத்துத் தரக் கேட்டார். பண்ணையார் என்னைப் பார்த்தார், அறுத்துக் கொடுத்தேன். கயிறு குறைந்துபோனால் எச்சரிக்கையும் குறைந்துபோகுமே என்று பயந்து, மறுநாளே இன்னும் தடித்த, இன்னும் சிவந்த கயிறாகப் பார்த்து வாங்கிக் கட்டினேன். கூட்டம் கூடிவிட்டது.

அதனால் சொல்கிறேன். கெட்டுப்போன புட்டிக்கு அடையாளம் போட்டு வைக்காதீர்கள். முதலில் கொட்டுங்கள். டீயை அப்புறம் குடிக்கலாம்.